மஞ்சள் கருவும் ரப்பர் பாலும்: ஒரு பிரெஞ்சு சமையல் புத்தகத்தில் ஒளிந்திருக்கும் அறிவியல்

மாணவர்களே, ஈப்போ பழைய நகரத்துக் கோப்பிக் கடைகளுக்குப் போயிருக்கிறீர்களா? ஜாலான் பண்டார் தீமா பக்கம் போய் ஒரு வெள்ளைக் கோப்பி கேட்டால், மேசையில் இன்னொன்றும் வந்து உட்காரும். தட்டில் தளதளவென்று ஆடும் மஞ்சள் நிறக் கஸ்டர்ட், அதன் தலையில் வழியும் பழுப்பு நிறப் பாகு. ஈப்போவின் புகழ்பெற்ற கரமல் கஸ்டர்ட் அதுதான். சீனக் கடைகளில் விற்றாலும் இதே பண்டம் பிரான்சில் 'கிரெம் கரமெல்' என்ற பெயரில் வீட்டுக்கு வீடு உண்டு.

கடந்த பள்ளி விடுமுறையில் இதை ஜெலாப்பாங்கில் என் வீட்டு அடுப்பிலேயே செய்து பார்க்க நினைத்தேன். துணைக்கு எடுத்தது ஒரு பழைய, உலகம் முழுதும் விரும்பப்படும் புத்தகம்: 'மாஸ்டரிங் தி ஆர்ட் ஆஃப் பிரெஞ்ச் குக்கிங்'. சீமோன் பெக், லுயிசெத் பெர்த்தோல், ஜூலியா சைல்ட் ஆகிய மூவர் எழுதி, 1961இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 700 பக்கங்களுக்கு மேல் உள்ள இந்தப் புத்தகத்தை நான் சமையல் புத்தகமாகத்தான் திறந்தேன். மூடும்போது அது எனக்கு ஓர் ஆய்வுக்கூடக் குறிப்பேடாகத் தெரிந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

சுறா விரட்டியிலிருந்து சமையலறைக்கு

ஜூலியா சைல்ட் பிறவியிலேயே சமையல்காரர் அல்லர். 1912இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவு அமைப்பில் வேலை செய்தார். கடலில் விழும் வீரர்களைக் காக்கச் சுறா விரட்டி ஒன்றைத் தயாரிக்கும் முயற்சியிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1944இல் இலங்கையின் கண்டி நகருக்கு அனுப்பப்பட்டார். வருங்காலக் கணவர் பால் சைல்டை அங்கேதான் சந்தித்தார். 1948இல் கணவரோடு பாரிஸ் சென்ற பிறகுதான், முப்பத்தாறு வயதுக்கு மேல், சமையலை முறையாகக் கற்கத் தொடங்கினார்.

அவர் கற்ற விதம்தான் நமக்குப் பாடம். ஒரு குளிர்காலத்தில், எப்போதும் நன்றாக வரும் மயோனெய்ஸ் திடீரென்று திரிந்து போனதாம். அவர் அதை 'கைராசி' என்று விட்டுவிடவில்லை. வெப்பநிலையையும் அளவையும் மாற்றி மாற்றித் திரும்பத் திரும்பச் செய்தார். தின்று தீர்க்க முடியாமல், செய்ததைக் கழிப்பறையில் கொட்டும் அளவுக்குப் போனது என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றவற்றை நிலையாக வை, முடிவைக் குறித்து வை. நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்வது இதைத்தானே?

புத்தகத்தில் மாட்டிறைச்சியும் வைனும் சேர்ந்த சமையல்கள் நிறைய உண்டு. அவை எங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. அதனால் முட்டை, எண்ணெய், சீனி, வெங்காயம் ஆகியவற்றோடு முடிகிற மூன்றை எடுத்துக்கொண்டேன்.

முதல் சோதனை: மயோனெய்ஸ்

தேவையானவை குறைவு. ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, உப்பு, சமையல் எண்ணெய். எண்ணெயை முதலில் சொட்டுச் சொட்டாக விட்டு விடாமல் அடிக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. எனக்குப் பொறுமை இல்லை. அரைக் கிண்ணம் எண்ணெயை ஒரேயடியாக ஊற்றி அடித்தேன். ஐந்து நிமிடத்தில் கிடைத்தது, மஞ்சள் துகள்கள் மிதக்கும் எண்ணெய்.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர்.

"ஏம்மா, பால் கட்டிப் போச்சா? நாங்க பால் வாளியில ரெண்டு சொட்டு அமோனியா விடுவோம். இல்லன்னா ஸ்டோருக்குக் கொண்டு போறதுக்குள்ள கட்டிக்கும். இதுல என்ன விட்டா கட்டாம இருக்கும்?" என்றார்.

நான் கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டேன். 'எனக்கு அறிவியல் எல்லாம் தெரியாது, நான் ஆறாம் வகுப்பு' என்று வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தவர் என் அம்மா. இந்தச் சோதனையின் மையக் கேள்வியைக் கேட்டது அவர்தான். துளிகள் ஒன்றோடொன்று சேராமல் தடுப்பது எது?

முதலில் ரப்பர் பாலைப் பார்ப்போம். படிவம் 5 வேதியியலில் 'பாலிமர்' பாடத்தில் இது வரும். ரப்பர் பால் என்பது நீரில் மிதக்கும் மிக நுண்ணிய ரப்பர் துகள்கள். ஒவ்வொரு துகளையும் ஒரு புரதப் படலம் மூடியிருக்கிறது. அந்தப் படலத்தின் மேல் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால் துகள்கள் ஒட்டுவதில்லை. அமிலம் சேர்த்தால் அதன் ஹைட்ரஜன் அயனிகள் எதிர்மின்னூட்டத்தை நடுநிலையாக்கிவிடும். துகள்கள் மோதும், படலம் உடையும், ரப்பர் கட்டிக்கொள்ளும். பால் ஸ்டோரில் திராவகம் ஊற்றியது இதற்காகத்தான். அது பெரும்பாலும் ஃபார்மிக் அமிலம். பாலை வாளியிலேயே விட்டுவைத்தால் பாக்டீரியாக்கள் பெருகி அமிலத்தை உண்டாக்கும், பால் தானாகவே கட்டும். அமோனியா ஒரு காரம், அது இதைத் தடுக்கிறது. அம்மாவின் இரண்டு சொட்டுக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது.

இப்போது மயோனெய்ஸ். இதிலும் துளிகள் உண்டு, ஆனால் அவை எண்ணெய்த் துளிகள். நீரும் எண்ணெயும் சேராது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டையும் பிணைக்க ஓர் இடைத்தரகர் தேவை. மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின்தான் அந்தத் தரகர். 1840களில் பிரெஞ்சு வேதியியலாளர் தியோடோர் கோப்லே இதை முட்டை மஞ்சள் கருவிலிருந்து பிரித்தெடுத்தார். லெசித்தின் மூலக்கூறின் ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை எண்ணெயை விரும்பும். எண்ணெய்த் துளியின் மேல் இந்த மூலக்கூறுகளும் மஞ்சள் கருப் புரதங்களும் வரிசையாக நின்று வேலி போட்டுவிடும். பிறகு இரண்டு துளிகள் மோதினாலும் சேராது. இப்படி ஒரு திரவம் இன்னொன்றில் நுண்துளிகளாகப் பரவி நிற்பதைப் பால்மம் என்கிறோம். மலாய்ப் பாடநூலில் 'எமுல்சி' என்று படிப்பது இதுதான்.

அப்படியானால் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னது எதற்கு? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 15 மில்லிலிட்டர். அதை ஒரே உருண்டையாக நினைத்தால் அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 29 சதுர சென்டிமீட்டர். அதையே 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் சுமார் 2,900 கோடி துளிகள் கிடைக்கும். மொத்த மேற்பரப்பு 9 சதுர மீட்டர்! ஒரு சிறிய அறையின் தரை அளவு. அவ்வளவு பரப்புக்கும் வேலி போட வேண்டும். எண்ணெயைக் கொஞ்சமாக விட்டு அடித்தால் துளிகள் உடைய உடைய வேலி போடப்படும். ஒரேயடியாகக் கொட்டினால் அடிக்கும் கம்பிக்கு அகப்படாமல் பெரிய துளிகள் தப்பித்து, தங்களுக்குள் சேர்ந்துவிடும். என் கிண்ணத்தில் நடந்தது அதுதான்.

திரிந்ததைக் காப்பாற்றவும் புத்தகத்தில் வழி இருந்தது. வேறொரு கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி கடுகு விழுதை எடுத்து, திரிந்த கலவையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அடிக்க வேண்டும். செய்தேன். பத்து நிமிடத்தில் கெட்டியான, பளபளப்பான மயோனெய்ஸ். "இப்பக் கட்டிருச்சு" என்றார் அம்மா. உண்மையில் இங்கே நடந்தது நேர்மாறு. ரப்பர் பால் கெட்டியாவது துகள்கள் சேர்வதால். மயோனெய்ஸ் கெட்டியாவது, சேராத துளிகள் நகர இடமில்லாமல் நெருக்கியடித்து நிற்பதால்.

புத்தகத்தையே சோதித்தால்?

ஒரு மஞ்சள் கரு அதிகபட்சம் முக்கால் கிண்ணம், அதாவது ஏறக்குறைய 175 மில்லிலிட்டர் எண்ணெயைத்தான் தாங்கும் என்கிறது புத்தகம். அதற்கு மேல் போனால் மஞ்சள் கருவின் பிணைக்கும் சக்தி போய்விடுமாம். ஆனால் சமையல் அறிவியல் எழுத்தாளர் ஹெரால்டு மெக்கீ இதை மறுக்கிறார். மஞ்சள் கருவில் லெசித்தினுக்குப் பஞ்சமில்லை, குறைவது நீர்தான் என்பது அவர் வாதம். நீர் சேர்த்துக்கொண்டே போனால் ஒரே கரு பல லிட்டர் எண்ணெயையும் தாங்கும் என்கிறார்.

இரண்டு பேரும் பெரியவர்கள். யாரை நம்புவது? அறிவியலில் இதற்கு ஒரே பதில்: செய்து பார்.

இரண்டு கிண்ணங்கள் எடுத்தேன். இரண்டிலும் ஒரே அளவு மஞ்சள் கரு, கடுகு, எலுமிச்சைச் சாறு. முதல் கிண்ணத்தில் எண்ணெய் மட்டும். 200 மில்லிலிட்டரைத் தாண்டியதும் மெழுகுபோல் இறுகி, பிறகு ஓரங்களில் எண்ணெய் கசிந்து திரிந்துவிட்டது. புத்தகம் சொன்ன எல்லையிலிருந்து அதிகத் தூரமில்லை. இரண்டாவது கிண்ணத்தில் ஒவ்வொரு 50 மில்லிலிட்டர் எண்ணெய்க்கும் ஒரு தேக்கரண்டி நீர். 400 மில்லிலிட்டர் வரை போயும் அது திரியவில்லை. "எண்ணெய் என்ன விலை விக்குது!" என்று அம்மா சத்தம் போட்டதால் அங்கேயே நிறுத்தினேன்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு மஞ்சள் கரு சுமார் 18 கிராம். அதில் பாதி நீர். கடுகையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்தால் மொத்தம் 28 கிராம் அளவு. அதில் 175 மில்லிலிட்டர் எண்ணெய் சேர்ந்தால் கலவையில் ஏழில் ஆறு பங்கு எண்ணெய். துளிகளுக்கு இடையில் ஓட நீர் இல்லை. நெருக்கம் தாங்காமல் வேலிகள் உடைகின்றன. புத்தகம் தந்த எண் சரிதான். சொன்ன காரணம்தான் முழுமையானதல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நன்றாக மனத்தில் வையுங்கள். ஒரு விதி வேலை செய்கிறது என்பதாலேயே அதற்குச் சொல்லப்படும் விளக்கமும் சரியாகிவிடாது. பாட்டி சொன்னதற்கும் இது பொருந்தும், பாடநூலுக்கும் பொருந்தும், உங்கள் ஆசிரியை சொல்வதற்கும் பொருந்தும்.

இரண்டாம் சோதனை: கரமல் கஸ்டர்ட்

முதலில் பாகு. 100 கிராம் சீனியில் இரண்டு மேசைக்கரண்டி நீர் விட்டு அடுப்பில் வைத்தேன். நீர் நிறைய இருக்கும்வரை வெப்பநிலை 100 பாகை செல்சியசை அதிகம் தாண்டாது. நீர் வற்ற வற்ற வெப்பநிலை ஏறும். 160 முதல் 170 பாகைக்குள் சீனி மூலக்கூறுகள் நீரை இழந்து உடைந்து, நூற்றுக்கணக்கான புதிய பொருள்களாக மாறும். நிறமும் மணமும் அவற்றிலிருந்து வருகின்றன. இதுவே கரமலாக்கம். இன்னும் சில பாகை ஏறினால் கசப்பு. பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவே அரை நிமிடம்கூட இருக்காது. கவனம்: கொதிநீரைவிடப் பல மடங்கு ஆபத்தானது இந்தப் பாகு. தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

அடுத்தது கஸ்டர்ட். அரை லிட்டர் பால், மூன்று முட்டை, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு, கொஞ்சம் சீனி. கலந்து வடிகட்டிப் பாகின் மேல் ஊற்றினேன். இதை நீர்த்தட்டில் வைத்து அடுமனை அடுப்பில் வேகவைக்க வேண்டும். இந்த முறைக்குப் பிரெஞ்சில் 'பான்-மரி', அதாவது மரியாவின் தொட்டி என்று பெயர். பழங்கால அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த மரியா என்ற இரசவாதப் பெண்மணியின் நினைவாக வந்த பெயர் என்பார்கள். என்னிடம் இட்லிப் பானைதான் இருந்தது. அதுவும் அந்தக் குடும்பம்தானே!

முதல் நாள் மூடியை இறுக மூடி, தீயை முழுதாக எரியவிட்டேன். கஸ்டர்டில் தேன்கூடுபோல் ஓட்டைகள், அடியில் தேங்கிய நீர். இரண்டாம் நாள் தீயைத் தணித்து, மூடியின் ஓரத்தில் ஒரு கரண்டியைச் செருகி இடைவெளி விட்டேன். நாற்பது நிமிடம் ஆனது. வழவழவென்று வந்தது.

என்ன வித்தியாசம்? முட்டைப் புரதங்கள் சுருட்டி வைத்த நூல்கண்டுபோல இருப்பவை. சூடு பட்டால் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னி வலையாகும். அந்த வலைக்குள் பாலும் நீரும் சிக்கிக்கொள்வதுதான் கஸ்டர்ட். தனி முட்டை 60 பாகைக்கு மேலேயே இறுகத் தொடங்கும். பாலும் சீனியும் சேரும்போது புரதங்கள் விலகி நிற்பதால், கலவை இறுக 80 பாகை அளவு தேவைப்படுகிறது. 85ஐத் தாண்டினால் வலை மேலும் மேலும் சுருங்கி, பிழிந்த துணிபோல நீரை வெளியே தள்ளிவிடும். நமக்குக் கிடைக்கும் இடைவெளி ஐந்து பாகைதான்! மூடிய பானைக்குள் நீராவி 100 பாகையில் இருக்கும். மூடியில் இடைவெளி விட்டால் ஆவி வெளியேறி, உள்ளே வெப்பம் தணியும்.

சோயாப் பாலைக் கட்டவைத்து ஈப்போவில் விற்கும் தாவ் ஃபூ ஃபாவும் இப்படிப்பட்ட ஒரு புரத வலைதான். அங்கே வலை பின்னப் பயன்படுவது கால்சியம் உப்பு.

மூன்றாம் சோதனை: வெங்காய சூப்

பிரெஞ்சு வெங்காய சூப்பின் உயிர், வெங்காயத்தைப் பழுப்பாக வதக்குவதில் இருக்கிறது. முதலில் மூடி வைத்து 15 நிமிடம், பிறகு உப்பும் ஒரு சிட்டிகை சீனியும் சேர்த்துக் கிளறிக் கிளறி இன்னும் 30 முதல் 40 நிமிடம் என்கிறது புத்தகம். இறைச்சிச் சாற்றுக்குப் பதில் காளான் வேகவைத்த நீரைச் சேர்த்தேன்.

இவ்வளவு நேரம் எதற்கு? வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர். அது வற்றும்வரை சட்டி 100 பாகையிலேயே நிற்கும், நிறம் மாறாது. வற்றிய பிறகுதான் வெங்காயத்தில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வேகமாக வினைபுரியத் தொடங்கும். 140 பாகையை நெருங்கும்போது வினை சூடுபிடிக்கும். இந்த வினையை 1912இல் விவரித்தவர் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு மருத்துவர். அவர் சமையலை ஆராயவில்லை. உடலின் செல்களுக்குள் நடக்கும் வேதியியலைத்தான் தேடினார். ஜூலியா சைல்ட் பிறந்த அதே ஆண்டு என்பது ஒரு தற்செயல்.

கரமலாக்கத்துக்குச் சீனி மட்டும் போதும். மையார் வினைக்குச் சர்க்கரையோடு அமினோ அமிலமும் வேண்டும். தோசையின் பொன்னிற ஓரம், ரொட்டி சானாயின் புள்ளிகள், சாத்தேயின் மணம் எல்லாமே இந்த வினையால் வந்தவை. ஈப்போ வெள்ளைக் கோப்பியிலும் இதைப் பார்க்கலாம். சாதாரண கோப்பிக்கொட்டையை மார்ஜரினோடு சீனியும் சேர்த்துக் கருக வறுப்பார்கள். வெள்ளைக் கோப்பிக்கு மார்ஜரின் மட்டும், வறுவலும் இளவறுவல். கசப்பு குறைவதற்கு அதுவே காரணம்.

நீங்கள் செய்து பாருங்கள்

1. ஒரே அளவு வெங்காயத்தை இரண்டு சட்டிகளில் ஒரே தீயில் வதக்குங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேருங்கள். எது முதலில் பழுப்பாகிறது? காரத்தன்மைக்கும் மையார் வினைக்கும் என்ன தொடர்பு இருக்கும்?

2. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அதனால் மயோனெய்ஸ் சோதனையைச் சோயாப் பாலில் செய்யுங்கள். சோயாவிலும் லெசித்தின் உண்டு. 100 மில்லிலிட்டர் சீனி சேர்க்காத சோயாப் பாலில் எண்ணெயை மெல்ல மெல்ல விட்டு மின்கலப்பியில் அடியுங்கள். எந்த அளவில் கெட்டியாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. கேமரன் மலையின் தானா ராத்தா நகரில் நீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே இட்லிப் பானையில் கஸ்டர்ட் செய்வது ஜெலாப்பாங்கைவிட எளிதா, கடினமா? காரணத்தோடு எழுதுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் தோட்டத்தில் வேலை செய்த பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம். பால் எப்போது கட்டும், மழைநாளில் என்ன செய்தார்கள், எவ்வளவு திராவகத்துக்கு எவ்வளவு நீர் கலந்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் குறித்து வைத்து, படிவம் 5 பாடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டங்கள் பலவும் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு இன்னும் அதிகக் காலம் இல்லை.

என் அம்மாவிடம் நான் கேட்டேன். திராவகம், நீர், நேரம் எல்லாவற்றையும் அளவோடு சொன்னார். எழுதி முடித்ததும், "இதெல்லாமா அறிவியல்?" என்றார். ஆமாம் என்றேன். இரண்டாம் நாள் செய்த கஸ்டர்டில் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.